20 கணினி ஆய்வகம், டெபியன் 12: ஆப்ட், ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ், பிப் – எதை எதற்கு வைப்பது?

ஆய்வகம்20 (கேள்வி)

வணக்கம். ஓர் ஆய்வகத்தில் 20 கணினிகள். எல்லாவற்றிலும் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), க்னோம் மேசைத்தளம், 4 ஜிபி நினைவகம், 120 ஜிபி எஸ்எஸ்டி. இருபதுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு, அதற்கும் மாத வரம்பு உண்டு. மாணவர்களுக்கு ரூட் (முழு நிர்வாக) அனுமதி கிடையாது. இரவில் எல்லாக் கணினிகளும் அணைக்கப்படும்.

தேவைப்படுபவை: லிப்ரே ஆபிஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஆடாசிட்டி, ஃபயர்ஃபாக்ஸ். பைத்தான் வகுப்புக்கு நம்பை, பாண்டாஸ் நூலகங்கள். தமிழ்99 தட்டச்சு எல்லாச் செயலியிலும் வேலை செய்ய வேண்டும்.

சிக்கல் மூன்று. பாடக்குறிப்புகள் கிம்ப் 3-ஐ வைத்து எழுதப்பட்டவை, டெபியன் 12 தருவது 2.10.34. இரண்டாவது, பிப் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) வழியாகப் பாண்டாஸ் நிறுவப் போனால் “எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்” (இந்தச் சூழலை வேறொரு கருவி நிர்வகிக்கிறது) என்று மறுக்கிறது. “--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்” சேர்த்தால் போய்விடும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சேர்க்கலாமா? மூன்றாவது, சில கணினிகளில் காலையில் ஆப்ட் (டெபியனின் பொதி மேலாளர்) கொடுத்தால், அதன் அடியில் பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் பூட்டை வேறு ஏதோ வைத்திருப்பதாகப் பிழை வருகிறது.

ஒரு வழிகாட்டி ஃபிளாட்பேக் என்கிறது, இன்னொன்று ஸ்னாப் (இரண்டும் செயலியை அதற்கு வேண்டிய நூலகங்களோடு தனியே நிறுவுபவை), மற்றொன்று டெபியன் அல்லாத வெளிக் களஞ்சியத்தை (பொதிகள் இறங்கும் தளத்தை) ஆப்ட்டில் சேர்க்கச் சொல்கிறது. ஒரே கருவியை வைத்து எல்லாவற்றையும் முடிக்க வழியுண்டா? இல்லையென்றால் எதை எதற்கு வைப்பது?

பொதிகை_லினக்ஸ்

வணக்கம். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன், முனையத்தில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரே கருவி போதாது. ஆனால் ஐந்தும் தேவையில்லை, மூன்று போதும். “எந்தக் கருவி சிறந்தது” என்று கேட்பதை விட, “இந்த அடைவுக்குள் எழுதும் உரிமை யாருக்கு” என்று கேளுங்கள். பொதி மேலாண்மையில் வரும் உடைசல்களில் பெரும்பாலானவை இரண்டு கருவிகள் ஒரே அடைவுக்குள் எழுதுவதால் வருபவை.

/யூஎஸ்ஆர் அடைவு (அதன் கீழுள்ள /யூஎஸ்ஆர்/லோக்கல் தவிர) ஆப்ட்டுக்குச் சொந்தம். அங்கே இருக்கும் ஒவ்வொரு கோப்பும் எந்தப் பொதியிலிருந்து வந்தது என்று டிபிகேஜி கணக்கு வைத்திருக்கிறது. கணினி முழுவதற்கும் நிறுவும் ஃபிளாட்பேக் இயல்பாக /வார்/லிப்/ஃபிளாட்பேக் அடைவுக்குள் நிறுவும். பைத்தான் மெய்நிகர் சூழல் (நூலகங்களைத் தனியே வைக்கும் ஏற்பாடு), அதை உருவாக்கிய அடைவுக்குள்ளேயே இருக்கும். இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடாது. அதனால் ஒன்று கெட்டால் மற்றவை கெடாது, ஒன்றை நீக்கினால் மற்றவற்றின் அடைவில் குப்பை மிஞ்சாது.

பிப் மறுப்பதற்கும் இதுதான் காரணம். டெபியனின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. சூடோ பிப் /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே ஒரு நூலகத்தின் புதிய பதிப்பைப் போட்டால், டெபியனின் பைத்தான் முதலில் அதைத்தான் எடுக்கும். டெபியன் சோதித்த பதிப்பு பின்னால் மறைந்துவிடும். பைத்தான் சமூகத்தின் 668-ஆம் முன்மொழிவு இதைத் தடுக்க வந்தது, டெபியன் 12 அதைச் செயல்படுத்துகிறது. ஆகவே “--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்” வேண்டாம். பெயரே என்ன நடக்கும் என்று சொல்கிறது. பிழை அன்றைக்கே தெரிந்தால் பரவாயில்லை. மூன்று மாதம் கழித்து, தொடர்பே இல்லாத ஒரு கருவி திறக்க மறுக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

வகுப்புக்கு நம்பை, பாண்டாஸ் மட்டும் போதும் என்றால் பிப்பே தேவையில்லை. “ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-நம்பை பைத்தான்3-பாண்டாஸ் பைத்தான்3-மேட்பிளாட்லிப்” என்று கொடுங்கள். டெபியன் 12-இல் பைத்தான் 3.11, நம்பை 1.24, பாண்டாஸ் 1.5 கிடைக்கும். தொடக்க வகுப்புக்கு இவை தாராளம். பாண்டாஸ் 2 கட்டாயம் தேவை என்றால் மட்டும் மெய்நிகர் சூழலுக்குப் போங்கள். முதலில் “பைத்தான்3-வென்வ்” பொதியை நிறுவுங்கள். அது இல்லாவிட்டால் சூழல் உருவாக்கும்போது “என்ஷ்யூர்பிப் இல்லை” என்ற பிழை வரும், பலர் இங்கேயே திகைத்து நிற்கிறார்கள். மாணவர் ஒவ்வொருவரும் தன் வீட்டு அடைவில் தனிச் சூழல் உருவாக்கினால், பாண்டாஸ் உள்ள ஒவ்வொரு சூழலும் தனித்தனியாகக் கணிசமான இடம் பிடிக்கும். அதனால் /ஆப்ட் அடைவுக்குக் கீழே (இது பொதி மேலாளர் ஆப்ட் அல்ல, ஓபிடி என்ற அடைவு) ரூட் பயனராக ஒரே பொதுச் சூழலை உருவாக்கி, மாணவர்களுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். நிறுவியவற்றின் பட்டியலைப் “பிப் ஃப்ரீஸ்” மூலம் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

இனி பதிப்பு விஷயம். களஞ்சியத்தில் இருப்பது பழைய எண் என்பதால் அது பாதுகாப்பற்றது என்று நினைக்க வேண்டாம். டெபியன் நிலைப் பதிப்பில் எண் மாறாது, ஓட்டைகளுக்கான திருத்தம் மட்டும் பழைய பதிப்புக்குள் பின்னோக்கிச் சேர்க்கப்படும். “ஆப்ட் பாலிசி கிம்ப்” கொடுத்துப் பாருங்கள். எண்ணின் வாலில் “டெப்12யு” என்று தொடங்கும் ஒட்டு தெரிந்தால், டெபியன் 12 வெளியான பிறகு திருத்தம் சேர்ந்த பொதி என்று பொருள். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதை வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைக் கிளைகளில் அவை ஏற்கெனவே நுழைந்திருந்தன. நிலைப் பதிப்பான 12-இல் இருந்தது 5.4.1, அதற்குப் பாதிப்பில்லை. அடித்தளம் மெதுவாக நகர்வதால் கிடைத்த பயன் அது. இருபது கணினியைக் காப்பவருக்கு இதன் மதிப்பு பெரிது.

ஆகவே லிப்ரே ஆபிஸ், இங்க்ஸ்கேப், ஆடாசிட்டி, ஃபயர்ஃபாக்ஸின் ஈஎஸ்ஆர் (நீண்ட ஆதரவுள்ள) பதிப்பு எல்லாம் ஆப்ட். கிம்ப் 3 மட்டும் ஃபிளாட்பேக். அதை நிறுவியதும் ஆப்ட்டில் வந்த கிம்ப்பை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் பட்டியலில் ஒரே சின்னம் இரண்டு முறை தெரியும், மாணவர்கள் எதைத் திறந்தார்கள் என்று கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும்.

வெளிக் களஞ்சியம் சேர்க்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு செயலிக்காகச் சேர்க்கும் களஞ்சியம், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் உயர்ந்த எண்ணுடன் ஒரு பொதியை வைக்கலாம், ஆப்ட் அதையே எடுக்கும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். சாவியை எட்சி/ஆப்ட்/கீரிங்ஸ் அடைவில் வைத்து, களஞ்சியக் கோப்பில் “சைன்ட்-பை” வரியால் அந்தச் சாவியை அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் கட்டுங்கள். பழைய “ஆப்ட்-கீ ஆட்” முறை எல்லாக் களஞ்சியங்களுக்கும் அந்தச் சாவியை ஏற்றுக்கொள்ள வைத்துவிடும், அது கைவிடப்பட்ட முறை. அடுத்து எட்சி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி அடைவில் ஒரு கோப்பு. அதில் அந்தக் களஞ்சியத்தின் எல்லாப் பொதிகளுக்கும் முன்னுரிமை 100, உங்களுக்கு வேண்டிய ஒரு பொதிக்கு மட்டும் 500. டெபியன் கணினியில் உபுண்டுவுக்கான பிபிஏவை (தனியார் நடத்தும் பொதிக் களஞ்சியம்) சேர்க்கவே கூடாது. அவை வேறு பதிப்பு நூலகங்களோடு கட்டப்பட்டவை.

மூலநிரல்

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரே ஒரு கிம்ப்புக்காக ஃபிளாட்பேக்கைக் கொண்டுவருவது மட்டும் இந்த ஆய்வகத்துக்குப் பொருந்துமா என்பது என் ஐயம். முதல் ஃபிளாட்பேக் செயலியோடு க்னோம் ரன்டைமும் (செயலிகள் பகிரும் அடிப்படை நூலகத் தொகுப்பு) வரைகலை இயக்கி நீட்சியும் சேர்ந்தே இறங்கும். ஒரு கணினிக்கு ஏறத்தாழ 1 ஜிபி என்று வைத்தால் இருபதுக்கு 20 ஜிபி. மாத வரம்புள்ள இணைப்புக்கு அது சுமை.

கிம்ப் 3 வெளியானதிலிருந்து அந்தத் திட்டமே ஆப்இமேஜ் கோப்பையும் (நிறுவாமலே இயங்கும் ஒற்றைக் கோப்பு) தருகிறது. ஒரு முறை இறக்குங்கள், தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுங்கள், உள்வலை வழியே ஆர்சிங்க் (கோப்பு நகலெடுக்கும் கருவி) மூலம் இருபது கணினிக்கும் அனுப்புங்கள். கோப்பின் பண்புகளில் செயல்படுத்தும் அனுமதியைக் கொடுத்து, /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில் ஒரு டெஸ்க்டாப் கோப்பு எழுதினால் பட்டியலில் தெரியும். இணையச் செலவு ஒரு கோப்பின் அளவு மட்டுமே.

கவனிக்க வேண்டியவை: பழைய வகை ஆப்இமேஜ்களுக்கு “லிப்ஃபியூஸ்2” பொதி தேவை. அது இல்லாவிட்டால், கோப்பைச் சொடுக்கும்போது ஒன்றுமே நடக்காது, முனையத்தில் இயக்கினால்தான் பிழை தெரியும். “ஃபியூஸ்” என்ற பொதியை நிறுவிவிடாதீர்கள். அது ஃபியூஸ்3-ஐ வெளியேற்றும், அதைச் சார்ந்த மேசைத்தளப் பொதிகளும் சேர்ந்து போகக்கூடும். ஆப்ட் “இவை நீக்கப்படும்” என்று காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்துவதில்தான் கணினிகள் கருந்திரைக்குப் போகின்றன.

வேர்ப்பயனர்

மூலநிரல் சொல்லும் இணையக் கணக்கு நியாயமானது. ஆனால் ஆப்இமேஜில் புதுப்பிப்பு உங்கள் நினைவாற்றலைப் பொறுத்தது. கிம்ப் வெளியிலிருந்து வரும் படக் கோப்புகளைத் திறக்கும் செயலி. படக் கோப்புகளைப் படிக்கும் நிரலில் ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படுகின்றன. புதிய கோப்பு வந்ததா என்று மாதம் ஒரு முறை பார்த்து, இருபதுக்கும் அனுப்புவேன் என்று ஒருவர் பொறுப்பெடுத்தால் ஆப்இமேஜ் சரி. அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் ஃபிளாட்பேக்தான்.

தட்டச்சும் இருக்கிறது. ஆப்இமேஜ் தன் வரைகலை நூலகத்தைத் தானே சுமந்து வருவதால், உள்ளீட்டு முறைக்கான சொருகி உள்ளே இல்லாவிட்டால் ஆங்கிலம் மட்டுமே விழும். க்யூட்டி என்ற வரைகலை நூலகத்தில் எழுதிய செயலிகளில் இது அடிக்கடி நேர்கிறது, வெளியிலிருந்து சரிசெய்வது கடினம். ஃபிளாட்பேக்கில் ஐபஸ் (தட்டச்சு உள்ளீட்டுக் கருவி) ஒரு வாயில் வழியாக உள்ளே பேசுகிறது, “ஐபஸ்-எம்17என்” நிறுவி தமிழ்99 தேர்ந்திருந்தால் கிம்ப்பின் எழுத்துக் கருவியிலும் வேலை செய்யும். கணினியில் நிறுவிய தமிழ் எழுத்துருக்களும் ஃபிளாட்பேக் செயலிக்குள் தெரியும். எழுத்துருவை ரூட்டாகப் பொது அடைவில் நிறுவுங்கள், ஒவ்வொரு மாணவர் கணக்கிலும் போட வேண்டியதில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரே ஒரு கணினியில் நிறுவி, “க்ஷ”, “ஸ்ரீ”, “கௌ” மூன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு மற்ற பத்தொன்பதுக்குப் போங்கள்.

ஃபிளாட்பேக்கையும் ஒரு முறை இறக்கினால் போதும். முதல் கணினியில் “ஃபிளாட்பேக் ரிமோட்-மாடிஃபை --கலெக்ஷன்-ஐடி=” என்பதற்குப் பின், ஃபிளாட்பேக் செயலிகளின் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பின் நிலைத் தொகுப்புப் பெயரைக் கொடுங்கள் (ஓஆர்ஜி.ஃபிளாட்ஹப்.ஸ்டேபிள், அதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து), கடைசியில் களஞ்சியப் பெயரான ஃபிளாட்ஹப். கிம்ப்பை அங்கே நிறுவிய பிறகு “ஃபிளாட்பேக் கிரியேட்-யூஎஸ்பி” கட்டளை செயலியையும் அதன் ரன்டைமையும் ஒரு யூஎஸ்பி வட்டில் எழுதும். மற்ற கணினிகளிலும் அதே தொகுப்புப் பெயரை அமைத்துவிட்டு, “ஃபிளாட்பேக் இன்ஸ்டால் --சைட்லோட்-ரெப்போ=” என்று அந்த வட்டின் களஞ்சிய அடைவைச் சுட்டினால் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். கையொப்பச் சரிபார்ப்பு அப்படியே இருக்கும், வட்டில் யாராவது கைவைத்தால் ஏற்காது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஃபிளாட்பேக் மொழிக் கோப்புகளில் உங்களுக்கு வேண்டிய மொழியை மட்டும் இறக்கும். முதல் கணினி ஆங்கிலத்திலும் மற்றவை தமிழிலும் அமைந்திருந்தால், வட்டிலிருந்து நிறுவும்போது மொழிப் பகுதியில் தடுக்கி நிற்கும். எல்லாக் கணினியிலும் நிறுவலுக்கு முன்பே “ஃபிளாட்பேக் கான்ஃபிக் --செட் லாங்குவேஜஸ்” என்று ஒரே மொழிப் பட்டியலை (டிஏ, ஈஎன், நடுவில் அரைப்புள்ளி, மொத்தமும் மேற்கோள் குறிக்குள்) அமைத்துவிடுங்கள். மேற்கோள் குறியை விட்டுவிட்டால், முனையம் அரைப்புள்ளியோடு கட்டளை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்.

ஆப்ட் பக்கத்திலும் இணையத்தை மிச்சப்படுத்த முடியும். ஒரு கணினியில் “ஆப்ட்-கேச்சர்-என்ஜி” (இறக்கிய பொதிகளை மற்றக் கணினிகளுக்காகச் சேமிக்கும் இடைச் சேமிப்பு) நிறுவுங்கள், அது 3142 துறையில் (போர்ட்) காத்திருக்கும். மற்றவற்றில் எட்சி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி அடைவில் ஒரு கோப்பு எழுதி, “அக்வையர்::எச்டிடிபி::ப்ராக்ஸி” மதிப்பாக அந்தக் கணினியின் முகவரியையும் துறையையும் கொடுங்கள். ஒரு பொதி இணையத்திலிருந்து ஒரு முறைதான் வரும், மீதி 19 முறையும் உள்வலையில். டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தை எச்டிடிபி முகவரியில் வைத்திருந்தால்தான் இது பயன் தரும். பொதிகளின் நம்பகம் கையொப்பத்திலிருந்து வருகிறது, இணைப்பு எச்டிடிபி என்பதால் அது குறையாது. எச்டிடிபிஎஸ் முகவரியுள்ள வெளிக் களஞ்சியம் ஏதும் இருந்தால் அது இந்த இடைச் சேமிப்பின் வழியே போகாமல் மறுக்கப்படும். “அக்வையர்::எச்டிடிபிஎஸ்::ப்ராக்ஸி” மதிப்பை “டைரக்ட்” என்று அமைக்க வேண்டும். இடைச் சேமிப்புக் கணினி அணைந்திருந்தால் எல்லாக் கணினியிலும் ஆப்ட் நிற்கும் என்பதால், எப்போதும் முதலில் இயக்கும் கணினியை இதற்கு வையுங்கள்.

ஸ்னாப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டெபியனில் அதைத் தேடிப் போய் நிறுவினால்தான் உண்டு, உங்கள் பட்டியலில் அதைக் கோரும் செயலி எதுவும் இல்லை. ஸ்னாப்டி (ஸ்னாப்பின் பின்னணிச் சேவை) இயல்பாகவே ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்பு தேடும், மேலே சொன்ன இடைச் சேமிப்பு அதற்கு உதவாது. புதிய பதிப்பு வந்த பின்னும் முந்தையதை வைத்திருக்கும் என்பதால் இடமும் இரட்டிப்பாகும். “ஸ்னாப் ரிஃப்ரெஷ் --ஹோல்ட்” கொடுத்து நிறுத்தலாம்தான். ஆனால் தேவையில்லாத ஒன்றை நிறுவி, பிறகு அதை அடக்கக் கற்பது வீண் உழைப்பு. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகவே வருகிறது, அங்கே கணக்கு வேறு.

ஆய்வகம்20

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிம்ப்புக்கு ஃபிளாட்பேக், யூஎஸ்பி வழி என்று முடிவெடுத்தேன். முதல் கணினியில் பார்த்தபோது /வார் தனி வட்டுப் பிரிவாக 9 ஜிபிதான் இருக்கிறது, அதில் 5 ஜிபி நிரம்பிவிட்டது. /ஹோம் 80 ஜிபி, பெரும்பாலும் காலி. எல்லாக் கணினிகளும் ஒரே அமைப்புதான்.

இன்னொன்று: டெபியன் 13 வெளிவந்துவிட்டதே, இப்போதே அதற்குப் போய்விட்டால் கிம்ப் சிக்கலே இருக்காது என்று ஒருவர் சொன்னார். சரியா? காலைப் பூட்டுப் பிழை இன்னும் வருகிறது.

பொதிகை_லினக்ஸ்

அவர் சொன்னது சரி. மேலே முதல் மறுமொழியிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும். டெபியன் 13 டிரிக்ஸி 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. அதன் களஞ்சியத்திலேயே கிம்ப் 3.0, லிப்ரே ஆபிஸ் 25.2, இங்க்ஸ்கேப் 1.4, பைத்தான் 3.13 உள்ளன. பாண்டாஸும் 2 வரிசைக்கு வந்துவிடும். உங்கள் பட்டியல் முழுவதும் ஆப்ட் ஒன்றிலேயே முடியும், ஃபிளாட்பேக்கே வேண்டாம். நீங்கள் முதலில் கேட்ட “ஒரே கருவி” இப்படித்தான் கிடைக்கும். கல்வி ஆண்டின் நடுவில் செய்யாதீர்கள், விடுமுறையில் செய்யுங்கள். அதுவரை ஒத்திவைக்க முடியாவிட்டால் கிம்ப்புக்கு மட்டும் ஃபிளாட்பேக் வைத்து, மாறியதும் நீக்கிவிடலாம்.

மாறும்போது எங்கே தடுக்கும் என்று சொல்கிறேன். முதலில் வெளிக் களஞ்சியங்களையும் பேக்போர்ட்ஸையும் (நிலைப் பதிப்புக்காகக் கட்டிய புதிய பொதிகளின் களஞ்சியம்) முடக்குங்கள். “ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்” எதையாவது காட்டினால் அந்தப் பிடிப்பை எடுங்கள். டெபியன் 12-ஐ முழுமையாகப் புதுப்பித்து ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். “ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்” பட்டியலை ஒரு கோப்பில் எழுதுங்கள். பிறகுதான் களஞ்சியக் கோப்புகளில் புக்வோர்ம் (டெபியன் 12-இன் பெயர்) என்று இருக்கும் இடமெல்லாம் டிரிக்ஸி. “ஆப்ட் அப்டேட்” முடிந்ததும் நேரே முழு மேம்படுத்தலுக்குப் போகாதீர்கள். “ஆப்ட் அப்கிரேட் --வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ்” முதலில், அது முடிந்தபின் “ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்”. முதல் கட்டம் புதுப் பொதி எதையும் சேர்க்காமல், எதையும் நீக்காமல், முடிந்தவற்றை மட்டும் உயர்த்தும். இரண்டாவது கட்டத்தில் ஆப்ட் தீர்க்க வேண்டிய முடிச்சுகள் குறைந்திருக்கும்.

உங்கள் /வார் இங்கேதான் உதைக்கும். இறக்கும் பொதிகள் எல்லாம் /வார்/கேச்/ஆப்ட் அடைவில் சேரும். க்னோமும் லிப்ரே ஆபிஸும் உள்ள கணினிக்குச் சில ஜிபி ஆகலாம். முன்கூட்டி “ஆப்ட் கிளீன்” கொடுங்கள், “ஜர்னல்சிடிஎல் --வேக்கம்-சைஸ்=200எம்” கொடுத்துப் பதிவேடுகளைச் சுருக்குங்கள். அப்படியும் போதாவிட்டால் “டிர்::கேச்::ஆர்கைவ்ஸ்” மதிப்பை /ஹோமில் ஓர் அடைவுக்குத் தற்காலிகமாக மாற்றுங்கள். அந்த அடைவுக்குள் “பார்ஷியல்” என்ற துணை அடைவையும் உருவாக்கிவிடுங்கள். /பூட் தனி வட்டுப் பிரிவாக இருந்தால் அதையும் பாருங்கள். டிரிக்ஸி வெளியீட்டுக் குறிப்பு 768 எம்பி அளவும் அதில் சுமார் 300 எம்பி காலியிடமும் கேட்கிறது. பழைய கெர்னல்களை “ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்” நீக்கும். கெர்னல் நிறுவும் நடுவில் /பூட் நிரம்பினால், கணினி எழத் தேவையான இனிட்ராம் கோப்பு பாதியில் நின்று, அடுத்த தொடக்கத்தில் கணினி எழாது.

4 ஜிபி நினைவகம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். டிரிக்ஸியில் /டெம்ப் அடைவு நினைவகத்துக்குப் போய்விட்டது, பாதி நினைவகம் வரை அது எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாணவர் பெரிய கோப்பை அங்கே விரித்தால் கணினி திணறும். “சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டெம்ப்.மவுண்ட்” கொடுத்து மறுதொடக்கம் செய்தால் பழையபடி வட்டுக்குத் திரும்பும்.

3.11-இல் உருவாக்கிய மெய்நிகர் சூழல் 3.13 வந்ததும் வேலை செய்யாது, நூலகங்களைப் பழைய எண்ணுள்ள அடைவில் தேடிக்கொண்டிருக்கும். சரிசெய்ய முயல வேண்டாம். அழித்துவிட்டு, எழுதி வைத்த “பிப் ஃப்ரீஸ்” பட்டியலிலிருந்து புதிதாக உருவாக்குங்கள். சில பழைய நூலக எண்களுக்கு 3.13-க்கான ஆயத்தக் கோப்பு இருக்காது, பிப் மூலநிரலிலிருந்து கட்டத் தொடங்கி நெடுநேரம் ஓடும். அப்படித் தெரிந்தால் நிறுத்திவிட்டு அந்த நூலகத்தின் எண்ணை உயர்த்துங்கள்.

ஒரு கணினியில் முழுவதும் செய்து, ஒரு வாரம் வகுப்பு நடத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

மூலநிரல்

இடைக்காலத்துக்கு ஃபிளாட்பேக் வைப்பதென்றால் அந்த 9 ஜிபி /வாரில் வேண்டாம். எட்சி/ஃபிளாட்பேக்/இன்ஸ்டாலேஷன்ஸ்.டி அடைவில் ஒரு கோப்பு எழுதி, /ஹோம் கீழே ரூட்டுக்குச் சொந்தமான ஓர் அடைவைக் கூடுதல் நிறுவல் இடமாக அறிவிக்கலாம். பிறகு ஃபிளாட்ஹப்பைச் சேர்ப்பது, நிறுவுவது, புதுப்பிப்பது எல்லாவற்றிலும் “--இன்ஸ்டாலேஷன்=” என்று அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டும். தொகுப்புப் பெயர் அமைக்கும்போதும் அப்படியே. மறந்தால் ஃபிளாட்பேக் பழைய இடத்தையே பார்க்கும், “களஞ்சியமே இல்லை” என்று சொல்லிவிடும்.

மாணவர்கள் “--யூசர்” கொடுத்துத் தங்கள் கணக்கில் ரூட் அனுமதி இல்லாமலே நிறுவ முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு மாணவர் விளையாட்டு ஒன்றை நிறுவினாலே இணைய வரம்பில் ஜிபி கணக்கில் போகும்.

வேர்ப்பயனர்

பூட்டுப் பிழைக்குக் காரணம் இரவில் அணைப்பது. “ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்” டைமர் காலை 6 மணிக்கு என்று அமைந்திருக்கிறது. அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், விட்டதை அடுத்த தொடக்கத்தில் செய்யும்படி அதில் குறிப்பு உண்டு. முதல் மாணவர் கணினியை இயக்கியதும் பின்னணியில் அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் (தானியங்கிப் புதுப்பிப்பு) ஓடுகிறது, பூட்டு அதன் கையில். /வார்/லிப்/டிபிகேஜி அடைவில் இருக்கும் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். அழித்தால் இரண்டு டிபிகேஜி ஒரே நேரத்தில் எழுதி, கணக்கேடு சிதையும். காத்திருங்கள், சில நிமிடங்களில் விடும். யாராவது நடுவில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தால் “டிபிகேஜி --கான்ஃபிகர் --பெண்டிங்”, அடுத்து “ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்”. பெரும்பாலும் இந்த இரண்டிலேயே எழுந்துவிடும்.

நிரந்தரத் தீர்வு நேரத்தை மாற்றுவது. “சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர்” திறந்து, டைமர் பகுதியில் முதலில் “ஆன்காலெண்டர்=” என்று மதிப்பே இல்லாமல் ஒரு வரி, அதற்கு அடுத்த வரியில் “ஆன்காலெண்டர்=13:00”, பிறகு “பெர்சிஸ்டன்ட்=ஃபால்ஸ்”. வெற்று வரியை விட்டால் பழைய 6 மணி அழியாது, இரண்டு நேரங்களும் சேர்ந்து நிற்கும். “ஆப்ட்-டெய்லி.டைமர்” பட்டியலை இறக்கும் வேலையைச் செய்கிறது, அதற்கும் இதே திருத்தம், 12:30 என்று. அதில் 12 மணி நேரம் வரை தற்செயல் தாமதம் இருப்பதால் “ரேண்டமைஸ்டுடிலேசெக்=10எம்” என்ற வரியையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் 12:30 என்பது நள்ளிரவுக்கும் தள்ளிப் போகும். கடைசியில் “சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்” கொடுத்து அடுத்த ஓட்டம் எப்போது என்று பாருங்கள். மதிய இடைவேளையில் கணினிகள் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், அதை மட்டும் ஆய்வகத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.